கழுத்துச் சுருக்கங்கள்: எந்தக் கோட்டுக்கு எந்தச் சிகிச்சை?

கழுத்துச் சுருக்கத்துக்குச் சிகிச்சை எடுத்தும் பலனில்லை என்று வருந்துகிறவர்கள் நிறையப் பேர். அவர்களில் பலருக்கு நடந்தது ஒன்றுதான்: சுருக்கம் இருந்தது ஓர் அடுக்கில், சிகிச்சை போய்ச் சேர்ந்தது வேறோர் அடுக்கில். தசை இழுப்பதால் வரும் பட்டைக்கு எவ்வளவு க்ரீம் தடவினாலும் அது அசையாது. வெயிலில் மெலிந்துபோன தோலுக்குத் தசையைத் தளர்த்தும் போடாக்ஸ் ஊசி போட்டாலும் அதே கதைதான். அதனால் சிகிச்சைகளின் பெயர்களுக்குப் போகுமுன், தோலுக்கு அடியில் என்ன இருக்கிறது, உங்கள் கோடு எங்கிருந்து புறப்படுகிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

கழுத்தின் அடுக்குகள்

மேலே இருப்பது தோல். கன்னத்துத் தோலைவிட மெல்லியது. எண்ணெய்ச் சுரப்பிகளும் மயிர்க்கால்களும் குறைவு. இந்த இரண்டாவது விஷயம் மிக முக்கியம். தோலின் மேற்பரப்பு சேதமானால் அதை மறுபடி மூடும் செல்களில் பெரும்பகுதி மயிர்க்கால்களின் உட்புறத்திலிருந்துதான் ஏறி வருகிறது. அவை குறைவாக உள்ள இடத்தில் காயம் மெதுவாக ஆறும், தழும்பு விழும் வாய்ப்பும் கூடும். முகத்தில் நன்றாக வேலை செய்த லேசரை அதே அளவில் கழுத்தில் பயன்படுத்தக் கூடாது என்பதற்கு இதுவே அடிப்படைக் காரணம்.

தோலுக்கு அடியில் கொழுப்பு. அதற்கடியில் பிளாட்டிஸ்மா என்ற தசை. மார்பின் மேற்பகுதியில் தொடங்கி, காறை எலும்பைக் கடந்து, தாடை வரை ஏறும் மெல்லிய தகடு போன்ற தசை அது. இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. தாடையைத் தாண்டி வாயின் ஓரம் வரை அதன் இழைகள் போவதால், கழுத்தில் போடும் ஊசி தவறினால் சிரிப்பு கோணலாகும் சாத்தியமும் உண்டு. இந்தத் தசைக்கும் கீழேதான் விழுங்குவதற்கான தசைகள், குரல்வளை, தைராய்டு, பெரிய இரத்தக் குழாய்கள் எல்லாம் இருக்கின்றன. சில மில்லிமீட்டர் ஆழம் கூடினால் அழகுச் சிகிச்சை வேறு விதமான சிக்கலாகிவிடும் இடம் இது.

வயதாக ஆக இந்த எல்லா அடுக்குகளும் மாறுகின்றன. தோலுக்கு உறுதி தரும் கொலாஜனும், இழுத்தால் மீளவைக்கும் எலாஸ்டினும் குறைகின்றன அல்லது சிதைகின்றன. வெயிலின் புற ஊதாக் கதிர்கள் அதை வேகப்படுத்துகின்றன, புகைப்பதும் அப்படியே. மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைவதால் தோல் மேலும் மெலிகிறது. குறுகிய காலத்தில் நிறைய எடை குறைந்தாலும் தோல் தொங்கும். தலையைக் குனிந்து கைபேசி பார்ப்பதால்தான் கழுத்துக் கோடு வருகிறது என்று பரவலாகச் சொல்கிறார்கள். அதற்கு வலுவான ஆதாரம் கிடையாது. குறுக்குக் கோடுகள் சிலருக்குச் சிறு வயதிலேயே, குழந்தைகளுக்கும்கூட, இருக்கின்றன.

கண்ணாடி முன் ஐந்து நிமிடம்

பகல் வெளிச்சத்தில், கண்ணாடியை நேராகப் பார்த்து நில்லுங்கள். முகவாயை உயர்த்தவும் வேண்டாம், தாழ்த்தவும் வேண்டாம்.

கழுத்தைச் சுற்றி மாலை போட்டாற்போல் குறுக்கே ஒன்றிரண்டு கோடுகள் தெரிந்தால் அவை மடிப்புக் கோடுகள். முகவாயை மெதுவாக மேலே தூக்குங்கள். கோடு முழுதாக மறைந்தால் அது மேலோட்டமானது. தூக்கிய பின்னும் கீறல் போல் நின்றால், அந்த இடத்தில் தோலின் உட்பகுதியே மெலிந்துவிட்டது.

அடுத்து, கீழ்ப்பற்கள் தெரியும்படி வாயின் ஓரங்களை அழுத்தமாகக் கீழே இழுங்கள். முகவாயிலிருந்து காறை எலும்பு நோக்கிச் செங்குத்தாகக் கயிறு போலப் பட்டைகள் எழும்பினால் அது பிளாட்டிஸ்மாவின் வேலை. இழுக்காமல் சும்மா இருக்கும்போதும் அவை தெரிகின்றனவா என்பதைத் தனியாகக் கவனியுங்கள். இழுக்கும்போது மட்டும் தெரிகிற பட்டைக்குப் போடாக்ஸ் ஊசி நன்றாகக் கேட்கும். ஓய்விலும் தெரிகிற, தோலோடு சேர்ந்து தொங்குகிற பட்டைக்கு ஊசியின் பலன் அரைகுறைதான்.

மூன்றாவது, கழுத்தின் பக்கத் தோலை இரு விரலால் மெல்லக் கிள்ளி விடுங்கள். உடனே பழைய நிலைக்கு வராமல், கசக்கிய மெல்லிய காகிதம் போல் நுண் சுருக்கம் நின்றால், பிரச்சினை தோலின் தரத்தில். பெரும்பாலும் வெயில் செய்த வேலை. இதோடு கழுத்தின் இரு பக்கமும் செம்பழுப்பாகத் திட்டுத்திட்டாக நிறம் மாறி, முகவாயின் நிழல் விழும் இடம் மட்டும் இயல்பான நிறத்தில் இருந்தால் காரணம் கிட்டத்தட்ட உறுதி.

கடைசியாக, முகவாய்க்கு அடியில் கைவைத்துப் பாருங்கள். கையில் தடிமனாகச் சிக்குவது கொழுப்பு. மெல்லிய பை போல் இழுபடுவது உபரித் தோல். இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம்.

சுருக்கம் போல் தோன்றினாலும் சுருக்கம் அல்லாத இரண்டு விஷயங்களை இங்கேயே சொல்லிவிட வேண்டும். கழுத்து மடிப்புகளில் தோல் கறுத்து, தடித்து, வெல்வெட் போலத் தொட்டால் மெத்தென்று இருந்தால் அது அகாந்தோசிஸ் நைக்ரிகன்ஸ். பெரும்பாலும் உடலில் இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம். போக வேண்டிய இடம் அழகு நிலையம் அல்ல, இரத்தச் சர்க்கரைப் பரிசோதனை. இன்னொன்று அரிதானது. இளம் வயதிலேயே கழுத்தின் பக்கங்களில் மஞ்சள் நிறச் சிறு புள்ளிகள் கூட்டமாக எழும்பி, இறகு பிடுங்கிய கோழித்தோல் போலத் தோன்றினால் சூடோஸாந்தோமா எலாஸ்டிகம் என்ற மரபு நோயாக இருக்கலாம். அது கண்ணின் விழித்திரையையும் இரத்தக் குழாய்களையும் பாதிக்கும். முதலில் சரும மருத்துவரும் கண் மருத்துவரும் பார்க்க வேண்டும்.

சன்ஸ்கிரீனும் ரெட்டினாய்டும்

எந்த வகைச் சுருக்கமானாலும் தொடக்கம் இங்கேதான். சன்ஸ்கிரீன் தோல் முதிர்வதைத் தடுக்கும் என்பது வெறும் விளம்பர வாசகம் அல்ல. ஆஸ்திரேலியாவின் நம்பூர் நகரில் 55 வயதுக்குட்பட்ட 903 பேரை நாலரை ஆண்டு தொடர்ந்து கவனித்த ஆய்வின் முடிவு 2013இல் வெளியானது. தினமும் பூசச் சொல்லப்பட்ட குழுவுக்கு, விருப்பம்போல் பூசியவர்களைவிடத் தோல் முதிர்ச்சி 24 சதவீதம் குறைவாக இருந்தது.

கழுத்தில் நடக்கும் தவறு அளவில்தான். முகத்துக்குப் பூசிய பின் கையில் ஒட்டியிருக்கும் மிச்சத்தைக் கழுத்தில் தேய்த்துவிட்டால் அது பாதுகாப்பு ஆகாது. ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் முழு நீளத்துக்கும் பிதுக்கினால் முகத்துக்கும் முன்கழுத்துக்கும் சேர்த்து வரும். காது, பிடரி, மார்பின் மேற்பகுதி வரை போவதென்றால் இன்னொரு விரல் நீளம். எஸ்.பி.எஃப் 30 அல்லது அதற்கு மேல், புற ஊதா ஏ கதிரையும் தடுக்கும் வகை. வெளியே இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி. வாசனைத் திரவியத்தை நேரடியாகக் கழுத்தில் அடித்துக்கொண்டு வெயிலில் போகாதீர்கள். பெர்காமோட் போன்ற சில எண்ணெய்கள் வெயில் பட்டதும் வினைபுரிந்து, வழிந்த தடத்திலேயே பழுப்புக் கோடு போட்டுவிடும்.

இரவுக்கு ரெட்டினாய்டு, அதாவது வைட்டமின் ஏ சார்ந்த மருந்து. மருத்துவர் சீட்டில் தரும் ட்ரெட்டினாயின் நீண்ட காலமாக ஆராயப்பட்ட மருந்து. கடையில் கிடைக்கும் ரெட்டினால் அதைவிட மென்மையானது, மெதுவானது. இரண்டுமே கொலாஜன் உருவாவதைத் தூண்டுகின்றன. ஆனால் முகம் தாங்கும் அளவைக் கழுத்து தாங்காது. ட்ரெட்டினாயின் என்றால் 0.025 சதவீதம், வாரத்தில் இரண்டு இரவு, முழுக் கழுத்துக்கும் ஒரு பட்டாணி அளவு. முதலில் மாய்ஸ்சரைசர், அது உறிஞ்சிய பின் மருந்து, மேலே மறுபடி மாய்ஸ்சரைசர். மூன்று வாரம் எரிச்சலில்லாமல் போனால் ஒருநாள் விட்டு ஒருநாள்.

பலருக்குச் சிவப்பும் எரிச்சலும் சரியாகக் கோடுகளின் மேலேயே வருகிறது. காரணம், தலை நேராக இருக்கும்போது தடவினால் க்ரீம் மடிப்புக்குள் தேங்கி, அந்த இடத்துக்கு மட்டும் கூடுதல் மருந்து போகிறது. முகவாயை உயர்த்தி, மடிப்பை விரித்து, மெல்லிய படலமாகத் தடவி, காயும்வரை அப்படியே இருந்தால் இது வராது. பழுப்பு, கறுப்புத் தோலில் ஒரு வார எரிச்சல் பல மாதக் கருமையாகத் தங்கிவிடும். ஆகவே எரிந்தால் பொறுத்துக்கொள்ளாதீர்கள், நிறுத்துங்கள். கர்ப்பிணிகளும் கருத்தரிக்கத் திட்டமிடுகிறவர்களும் ரெட்டினாய்டைத் தொடவே கூடாது.

மூன்று முதல் ஆறு மாதத்தில் நுண் சுருக்கம் ஓரளவு குறையும். பட்டைகளும் தொங்கலும் குறையாது. கழுத்துக்கென்று தனியாக விற்கும் இறுக்கும் க்ரீம்களில் பெரும்பாலானவை நல்ல மாய்ஸ்சரைசர்கள், அவ்வளவுதான். சிலிக்கோன் ஒட்டுப்பட்டை தோலில் ஈரத்தைத் தேக்கிச் சில மணி நேரத்துக்குக் கோட்டைத் தட்டையாக்கும். அது தப்பில்லை, ஆனால் நிரந்தரம் என்று நம்பி வாங்க வேண்டாம்.

போடாக்ஸ்: பட்டைகளுக்கு

நரம்பு முனையிலிருந்து தசைக்குச் செல்லும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளைப் போடாக்ஸில் உள்ள போட்டுலினம் டாக்சின் தடுக்கிறது. தசை தளர்கிறது, பட்டை தணிகிறது. பல வருடங்களாக மருத்துவர்கள் இதைக் கழுத்துக்குப் பயன்படுத்தி வந்தாலும், அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. பிளாட்டிஸ்மா பட்டைகளுக்கு முறையான ஒப்புதல் கொடுத்தது 2024 அக்டோபரில்தான். அந்த ஒப்புதலில் பட்டைகளின் தீவிரத்தைப் பொறுத்து மொத்தம் 26, 31 அல்லது 36 யூனிட் என்று அளவு சொல்லப்பட்டிருக்கிறது. இந்த எண்கள் போடாக்ஸ் என்ற ஒரு தயாரிப்புக்கு மட்டுமே. வேறு நிறுவனத்தின் டாக்சினில் ஒரு யூனிட் என்பது வேறு வலிமை. ஒன்றின் எண்ணை இன்னொன்றுக்குப் பொருத்தக் கூடாது.

ஊசி போடும் விதத்தைக் கவனித்தாலே மருத்துவரின் அனுபவம் தெரியும். உங்களை உட்காரவைத்து, வாயின் ஓரங்களை இழுக்கச் சொல்லி, எழும்பும் பட்டையைப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே பிடித்து, கழுத்திலிருந்து சற்று வெளியே இழுத்துக்கொண்டு, மேலோட்டமாக ஊசி ஏற்றுவார். பிறகு ஒன்று அல்லது இரண்டு சென்டிமீட்டர் தள்ளி அடுத்த புள்ளி. தாடை விளிம்பிலும் சில புள்ளிகள் இருக்கலாம். பட்டையைப் பிடித்து இழுப்பதற்குக் காரணம் இருக்கிறது: மருந்து அந்த மெல்லிய தசையிலேயே நிற்க வேண்டும், உள்ளேயுள்ள விழுங்கும் தசைகளுக்குக் கசியக் கூடாது. அளவு கூடினாலோ ஆழம் கூடினாலோ விழுங்கச் சிரமம், குரல் மாற்றம், தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியாத பலவீனம் ஆகியவை வரும். பாட்டுப் பாடுவது, மேடையில் பேசுவது தொழிலாக உள்ளவர்கள் இதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

சில நாளில் பலன் தொடங்கி, இரண்டு வாரத்தில் முழுமை பெற்று, மூன்று நான்கு மாதத்தில் தேயும். ஊசி போட்ட அன்று அந்த இடத்தைத் தேய்ப்பது, அமுக்குவது வேண்டாம். கடும் உடற்பயிற்சியை மறுநாளுக்குத் தள்ளுங்கள். மயஸ்தீனியா கிராவிஸ் போன்ற நரம்பு-தசை நோய் உள்ளவர்கள், ஏற்கனவே விழுங்கச் சிரமம் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள் ஆகியோருக்கு இது கிடையாது. விழுங்குவதிலோ மூச்சு விடுவதிலோ சிரமம் தோன்றினால் நேராக அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். ஊசி போட்டு நாள் கணக்கு, வாரக் கணக்கு ஆகியிருந்தாலும் அப்படித்தான்.

தோல் தொங்கலே முதன்மைப் பிரச்சினையாக இருந்தால் போடாக்ஸ் ஏமாற்றம் தரும். தாங்கிப் பிடித்திருந்த தசையும் தளர்ந்த பின், தொங்கல் முன்பைவிடத் தெளிவாகத் தெரியவும் செய்யலாம்.

ஃபில்லர்: குறுக்குக் கோடுகளுக்கு

முகவாயைத் தூக்கிய பின்னும் மறையாத குறுக்குக் கோட்டில் தோல் உள்வாங்கியிருக்கிறது. அந்தக் குறையை ஹையலூரானிக் ஆசிட் ஃபில்லர் என்ற ஜெல் ஊசி நிரப்புகிறது. கன்னத்துக்கும் முகவாய்க்கும் பயன்படும் கெட்டியான ஃபில்லர் இங்கே கூடவே கூடாது. கழுத்துத் தோல் மெல்லியது என்பதால் கெட்டி ஜெல் மணி கோத்ததுபோல் வெளியே தெரியும். மென்மையான, நீர்த்தன்மையுள்ள வகையை மிக நுண்ணிய ஊசியால் சிறுசிறு துளிகளாகக் கோட்டின் நீளத்துக்கும் வைப்பார்கள். ஒரு முறைக்கு மொத்தமே பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டு மில்லிலிட்டர். ஒரே நாளில் கோட்டை மேடாக்கும்வரை நிரப்பச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். ஹையலூரானிக் ஆசிட் நீரை இழுக்கும். அடுத்த சில நாட்களில் இன்னும் சற்று உப்பும். குறைவாக வைத்து, சில வாரம் கழித்துத் தேவையென்றால் கூட்டுவதே நல்ல வேலை.

மேலோட்டமாக அளவுக்கு மீறி வைத்தால் தோலுக்கடியில் நீல நிறச் சாயல் தெரியும். ஒளி ஜெல்லில் சிதறுவதால் வருவது. டிண்டால் விளைவு என்று சொல்வார்கள். இரத்தக் கட்டு என்று நினைத்து மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு. அது தானாகச் சீக்கிரம் போகாது. ஹையலூரானிடேஸ் என்ற நொதியை ஊசியில் செலுத்தினால் கரைந்துவிடும். அந்த நொதி கைவசம் இல்லாத இடத்தில் ஃபில்லர் போட்டுக்கொள்ளவே வேண்டாம். நீல நிறத்துக்காக மட்டும் சொல்லவில்லை. ஜெல் தவறி இரத்தக் குழாயை அடைத்தால் தோல் வெளுக்கும், பிறகு வலைபோல் ஊதாத் தடங்கள் விழும், வலி ஏறிக்கொண்டே போகும். சில மணி நேரத்துக்குள் கரைக்காவிட்டால் அந்த இடம் அழுகும். இந்த அறிகுறிகள் வந்தால் மறுநாள் காலை என்று தள்ளிப்போடக் கூடாது.

ஸ்கின் பூஸ்டர் என்று சொல்வதும் ஹையலூரானிக் ஆசிட்தான், ஆனால் கோட்டை நிரப்புவது அதன் நோக்கம் அல்ல. கழுத்து முழுக்கப் பரவலாகப் போட்டுத் தோலின் ஈரத்தையும் மிருதுவையும் கூட்டுவது. ஒரு மாத இடைவெளியில் இரண்டு மூன்று முறை தேவைப்படும். போட்ட அன்று கொசு கடித்ததுபோல் சிறு மேடுகள் இருக்கும், ஓரிரு நாளில் அமுங்கும். காகிதச் சுருக்கத்துக்கு இது பொருத்தம். கால்சியம் ஹைட்ராக்சிஅபடைட் என்ற இன்னொரு பொருளை நன்றாக நீர்க்கவைத்துக் கொலாஜன் தூண்டலுக்காகக் கழுத்தில் போடுவதும் வழக்கம். பலன் உண்டு, ஆனால் கட்டி விழுந்தால் கரைக்க ஹையலூரானிடேஸ் உதவாது. முதல்முறை சிகிச்சைக்கு வருகிறவர்களுக்கு, கரைக்கக்கூடிய பொருளில் தொடங்குவதே எங்கள் பரிந்துரை.

வெப்பத்தால் இறுக்கும் கருவிகள்

கொலாஜன் 60 முதல் 70 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுருங்கும். அந்தச் சிறு காயத்தை ஆற்ற உடல் புதிய கொலாஜனை உருவாக்கும். அல்ட்ராசவுண்டும் ரேடியோ அலையும் இந்த ஒரே தத்துவத்தில்தான் வேலை செய்கின்றன.

குவிக்கப்பட்ட நுண் அல்ட்ராசவுண்ட் தோலின் மேற்பரப்பைச் சுடாமல், 1.5, 3 அல்லது 4.5 மில்லிமீட்டர் ஆழத்தில் சிறு புள்ளிகளாக வெப்பத்தைக் குவிக்கும். கழுத்தையும் முகவாயின் அடிப்பகுதியையும் உயர்த்த எஃப்.டி.ஏ. அனுமதி 2012இல் கிடைத்தது. தைராய்டும் குரல்வளையும் உள்ள நடுப்பகுதியை விட்டுவிட்டுத்தான் செய்ய வேண்டும். வலிக்கும், குறிப்பாகத் தாடை எலும்புக்கு அருகில். பலன் மிதமானது. லேசான, நடுத்தரத் தளர்ச்சிக்குப் போதும். பை போல் தொங்கும் தோலை இது மேலே ஏற்றாது.

ரேடியோ அலை மைக்ரோநீட்லிங்கில் நுண்ணூசிகள் தோலுக்குள் இறங்கி, நுனியில் வெப்பத்தைக் கொடுக்கும். நான்கு முதல் ஆறு வார இடைவெளியில் மூன்று முறை என்பது வழக்கம். ஊசியின் தண்டுக்கு மின்தடுப்புப் பூச்சு இருந்தால் மேல்தோல் சூடாகாது. அடர் நிறத் தோலுக்கு அதுவே பாதுகாப்பு. கழுத்தில் ஆழத்தையும் ஆற்றலையும் குறைக்கத் தவறினால் கட்டம் கட்டமாகத் தழும்பும், கொழுப்பு கரைந்து குழியும் விழும். தீக்காயம், தழும்பு, கொழுப்பு இழப்பு, நரம்புச் சேதம் ஆகிய புகார்கள் வந்ததால் 2025 அக்டோபரில் எஃப்.டி.ஏ. இந்தக் கருவிகளைப் பற்றி எச்சரிக்கை வெளியிட்டது. இது மருத்துவச் செயல்முறை. அழகு நிலையச் சேவை அல்ல.

இவற்றில் புதுக் கொலாஜன் உருவாக இரண்டு மூன்று மாதம் ஆகும். மாற்றம் ஆறு மாதம் வரைகூடத் தொடரும். ஒரே வாரத்தில் கழுத்து இறுகியதாகத் தெரிந்தால் அது வீக்கம். அந்த வாரத்துப் புகைப்படத்தைக் காட்டி விளம்பரம் செய்பவர்களை நம்ப வேண்டாம்.

லேசரும் பீலும்

காகிதச் சுருக்கத்துக்கும் வெயில் பாதித்த நிறத்துக்கும் ஃப்ராக்ஷனல் லேசர் நல்ல கருவி. தோலை முழுதாக உரிக்காமல், இடையிடையே நல்ல தோலை விட்டு நுண்துளைகளாகச் சுடும். கார்பன் டை ஆக்சைடு லேசர் துளையைத் திறந்தே விடும். பலன் அதிகம், ஆபத்தும் அதிகம். மயிர்க்கால் குறைவு என்று மேலே சொன்னது இங்கேதான் விலை கேட்கும். முகத்துக்கான அமைப்பை மாற்றாமல் கழுத்துக்கு இறக்கியதால் தடித்த தழும்புகள் விழுந்தது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. ஆற்றல், புள்ளிகளின் அடர்த்தி இரண்டையும் கணிசமாகக் குறைக்க வேண்டும். கழுத்தின் கீழ்ப்பகுதிக்குப் போகப் போக இன்னும் குறைக்க வேண்டும். மேற்பரப்பைத் திறக்காத 1550 நானோமீட்டர் அலைநீள லேசர் மெதுவானது, மூன்று முதல் ஐந்து முறை தேவைப்படும், ஆனால் கழுத்துக்கு அதிகப் பாதுகாப்பு.

தோல் நிறத்தைக் கணக்கில் எடுக்காமல் லேசர் பேச முடியாது. 1975இல் சரும மருத்துவர் தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக் தொடங்கிவைத்த தோல் வகைப்பாட்டில் இன்று ஆறு வகைகள் உள்ளன. நான்கு, ஐந்து, ஆறாம் வகையான அடர் நிறத் தோல் எந்தக் காயத்துக்கும் நிறமியைக் கொட்டிப் பதில் சொல்லும். சுருக்கம் குறைந்து கருமை தங்கிவிட்டால் யாருக்கு லாபம்? காதுக்குப் பின்னால் அல்லது கழுத்தோரம் ஒரு சிறு இடத்தில் சோதித்து, நான்கு முதல் ஆறு வாரம் பார்த்த பிறகே முழுக் கழுத்தையும் தொடச் சொல்லுங்கள். ஐ.பி.எல். என்ற தீவிர ஒளித் துடிப்பு, வெளிர் தோலின் செம்பழுப்புத் திட்டுக்கு நல்லது. அடர் நிறத் தோலைச் சுட்டுக் கோடு கோடாக அச்சு பதிக்கும்.

அமிலம் தடவி மேல்தோலை உரிக்கும் பீல் என்றால் கழுத்துக்கு மேலோட்டமானது மட்டும். கிளைக்காலிக் ஆசிட் போன்றவை. ட்ரைகுளோரோ அசிட்டிக் ஆசிட்டை அடர்த்தியாகப் போட்டால் தழும்பு விழும். அதை வாங்கி வீட்டில் முயல்வது மிக ஆபத்தானது.

லேசருக்குப் பிறகு தோல் மூடும்வரை சுத்தமான வாசலைன் மெல்லியதாக, நாளுக்குப் பலமுறை. உரியும் தோலை இழுக்கக் கூடாது. ஆண்கள் கழுத்தில் சவரம் செய்வதை அதுவரை நிறுத்த வேண்டும். உரசும் காலர், சங்கிலி வேண்டாம். தடித்த தழும்பு வளரும் கெலாய்டு வாகு உள்ளவர்கள் அதை முதல் சந்திப்பிலேயே சொல்ல வேண்டும்.

கொழுப்பும் அறுவையும்

முகவாயடிக் கொழுப்பைக் கரைக்கும் டியாக்சிகோலிக் ஆசிட் ஊசிக்கு 2015இல் எஃப்.டி.ஏ. ஒப்புதல் கிடைத்தது. குறைந்தது ஒரு மாத இடைவெளி, அதிகபட்சம் ஆறு முறை. சில நாட்களுக்குத் தவளைக் கழுத்துபோல் வீங்கும், அதற்குத் தயாராக இருங்கள். தாடை ஓர நரம்பு பாதிக்கப்பட்டால் சில வாரங்களுக்குச் சிரிப்பு கோணலாகும். தோல் ஏற்கனவே தளர்ந்திருந்தால் கொழுப்பை எடுப்பது காற்றிறங்கிய பலூன் போன்ற தொங்கலை விட்டுச் செல்லும். அவர்களுக்கு இதைத் தவிர்ப்பதே மேல்.

உபரித் தோல் நிறைய இருந்தால் நேர்மையான பதில் கழுத்துத் தூக்கு அறுவை. காதைச் சுற்றியும் சிலருக்கு முகவாய்க்கு அடியிலும் கீறி, பிளாட்டிஸ்மாவின் விளிம்புகளை நடுவில் சேர்த்துத் தைத்து, மிஞ்சும் தோலை வெட்டி எடுப்பார்கள். முதல் 24 மணி நேரத்தில் தோலுக்கடியில் இரத்தம் தேங்குவதுதான் அதிகம் பார்க்கும் சிக்கல். ஒரு பக்கம் திடீரென வீங்கி வலித்தால் உடனே அழைக்க வேண்டும். இரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைப்பதும், இரத்தத்தை நீர்க்கவைக்கும் மாத்திரைகளை மருத்துவர் சொன்னபடி மட்டும் நிறுத்துவதும் அதனால்தான். புகைப்பவருக்குக் காதுக்குப் பின்னுள்ள தோல் இரத்தவோட்டம் இன்றி அழுகும் வாய்ப்பு அதிகம் என்பதால், குறைந்தது நான்கு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். வீட்டோடு இருப்பது சுமார் இரண்டு வாரம். குறுக்குக் கோடுகள் அறுவையில் முழுதாகப் போகாது. அதற்காக மட்டும் கத்திக்குப் போக வேண்டாம்.

வரிசை

முதல் மூன்று மாதம் சன்ஸ்கிரீனும் ரெட்டினாய்டும். அதற்குள் தோலின் தாங்குதிறனும் தெரிந்துவிடும். பட்டை இருந்தால் அடுத்து போடாக்ஸ். இரண்டு வாரம் கழித்து மறுபடி பார்த்து, மீந்திருக்கும் குறுக்குக் கோட்டுக்கு மட்டும் ஃபில்லர். வெப்பக் கருவியோ லேசரோ திட்டத்தில் இருந்தால் அதை ஃபில்லருக்கு முன்னால் முடியுங்கள். லேசருக்குச் சில நாள் முன்பே ரெட்டினாய்டை நிறுத்தி, தோல் முழுதாக ஆறிய பிறகுதான் மறுபடி தொடங்க வேண்டும்.

மருத்துவமனையில் காட்டும் முன்-பின் படங்களைப் பார்க்கும்போது கழுத்தை விட்டுவிட்டு முதலில் முகவாயைப் பாருங்கள். முகவாய் ஒரு சென்டிமீட்டர் உயர்ந்தாலே பாதிக் கோடுகள் மறையும். காதுத் துளையின் மேல்விளிம்பும் கண்குழியின் கீழ்விளிம்பும் இரண்டு படத்திலும் ஒரே கிடைக்கோட்டில் இருக்கிறதா, வெளிச்சம் ஒரே பக்கமிருந்து வருகிறதா, சிகிச்சைக்கும் படத்துக்கும் இடையே எத்தனை மாதம் என்று கேளுங்கள். உங்கள் கழுத்தையும் அதே முறையில், நேராக ஒன்று, இரு பக்கமும் ஒவ்வொன்று, வாயோரங்களை இழுத்தபடி ஒன்று என நான்கு படங்கள் சிகிச்சைக்கு முன்பே எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் மாதமும் ஆறாம் மாதமும் அதே இடத்தில், அதே வெளிச்சத்தில் மறுபடி எடுத்து ஒப்பிட்டால், அடுத்த முறைக்குப் பணம் கட்டலாமா வேண்டாமா என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.